முகூர்த்தம் இல்லாத நாள்

பஞ்சாங்கத்தில் அஷ்டமி, நவமி, கரிநாள் எப்போது வருகிறது என்று தேடிப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்கள் திருத்தணியில் நாங்களாகத்தான் இருப்போம். அன்றைக்குக் கல்யாணம் இருக்காது. கல்யாணம் இல்லையென்றால் மண்டபம் காலி. மண்டபம் காலியென்றால் பந்திக்கூடத்தில் ஃபுட்பால். மலைமேல் தாலி கட்டிவிட்டுக் கீழே இறங்கிச் சாப்பாடு போடுகிற ஊர். மற்றதற்குக் குறை இருந்தாலும் மண்டபத்துக்குக் குறைவில்லை.

வெளியே ஆட முடியாத நாட்கள் எங்களுக்கு அதிகம். கோடையில் வானிலைச் செய்தி வாசித்தால் வேலூரோடு எங்கள் ஊர்ப் பெயரும் சேர்ந்து வரும், நாற்பது டிகிரிக்கு மேல். ஐப்பசி கார்த்திகையில் திடல் முழுக்கச் சேறு. ஆடியில் கல்யாணம் கிடையாது என்றாலும் பயனில்லை. கிருத்திகைக்கு வந்த காவடிக்காரர்கள் மண்டபம் நிறையப் படுத்திருப்பார்கள். எங்கள் சீசன் மார்கழி. டிசம்பர் 31 ராத்திரி படித்திருவிழாவுக்கு ஊரே நிரம்பி, 365 படியிலும் திருப்புகழ் கேட்கும். அந்த நெரிசல் கலைந்ததும் கூடம் மறுபடி எங்களுடையது.

மொசைக் தரை, ஃபினாயில் வாடை, சுவரோரம் அடுக்கிய சாப்பாட்டு மேஜைகள். கை கழுவும் இடத்துக்குப் போகிற வாசல்தான் கோல். பந்து எகிறி டியூப்லைட்டில் பட்டால் கதை முடிந்தது என்பதால் காற்றைப் பாதி இறக்கிவிட்டுத்தான் ஆடுவோம். உயரே போகாத பந்தைக் காலடியிலேயே வைத்து, சுவர் இருக்கிற பக்கம் திரும்பி, நாலு பேருக்கு நடுவில் வழி தேட வேண்டும். வாட்ச்மேன் தாத்தா தெலுங்குக்காரர். "போண்டிரா!" என்று கத்திக்கொண்டு வருவார், வந்தவர் அஞ்சு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் விரட்டுவார். அவர் பிறந்தபோது ஊர் சித்தூர் ஜில்லா. 1960 ஏப்ரல் 1இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. தான் எங்கேயும் போகவில்லை, ஜில்லாதான் நகர்ந்தது என்பார்.

அந்தக் காற்றிறங்கிய பந்துக்கு வேறொரு தேசத்தில் பெயர் இருந்தது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. 1930இல் உருகுவே முதல் உலகக் கோப்பையைச் சொந்த மண்ணில் வென்றது. மொண்டேவீடியோ முழுக்கப் பையன்கள் பந்தோடு அலைய, திடல் போதவில்லை. அங்கே ஒய்.எம்.சி.ஏ.வில் இருந்த ஹுவான் கார்லோஸ் செரியானி, கூடைப்பந்துக் கூடத்துக்குள் ஐந்துக்கு ஐந்தாக ஆட விதி எழுதினார். அதுதான் இன்றைய ஃபுட்சால். நாற்பது மீட்டருக்கு இருபது மீட்டர் தரை, எகிறாத பந்து. எங்களுக்கு டியூப்லைட் சொல்லிக்கொடுத்தது அங்கே விதியாகவே இருக்கிறது.

ஒய்.எம்.சி.ஏ. என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சென்னை நந்தனத்தில் இருக்கிற அதன் உடற்கல்விக் கல்லூரி. கூடைப்பந்தே கூரைக்குள் பிறந்த ஆட்டம். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பள்ளியில், பனிக்காலத்தில் மாணவர்களைச் சும்மா உட்கார வைக்க முடியாமல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கண்டுபிடித்தது. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி க்ரோ பக், 1920இல் சென்னையில் அந்த உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆனால் நம் பள்ளிகளில் கூடைப்பந்து எங்கே இருக்கிறது? வெயிலில், வெறும் சிமெண்ட் தரையில். பனிக்குப் பயந்து உள்ளே போன ஆட்டங்கள் இங்கே வரும்போது கூரையைக் கப்பலிலேயே விட்டுவிட்டு வந்தன. பனி இல்லாத ஊருக்குக் கூரை எதற்கு என்று நினைத்திருப்பார்கள். சித்திரை வெயிலையும் ஐப்பசி மழையையும் கணக்கில் யாரும் எடுக்கவில்லை.

இன்றைய டர்ஃபும் அப்படித்தான். பச்சைப் பிளாஸ்டிக் புல், சுற்றிலும் வலை, மேலேயும் வலை. வலை பந்தைத் தடுக்கும், மழையைத் தடுக்குமா? மதிய வெயிலில் அந்தப் புல் மண் தரையைவிடக் கொதிக்கும். கொளத்தூரில் இருக்கிற அக்கா மகன் ஐப்பசி வந்தால் ஃபோன் செய்கிறான். "மாமா, ஷீட் போட்ட டர்ஃப் ஒண்ணுதான் பக்கத்துல. ராத்திரி பதினோரு மணிக்குத்தான் ஸ்லாட்டாம்." காலையில் வேலைக்குப் போகிறவன் பதினோரு மணிக்கு ஆடிவிட்டு எப்போது தூங்குவான்?

பெரிய கூரைகள் சென்னையில் இல்லாமல் இல்லை. நேரு உள்விளையாட்டரங்கில் 2016 ஜூலையில் பிரீமியர் ஃபுட்சால் நடந்தது. பிரேசிலின் ஃபால்காவ் சென்னை அணிக்கு ஆடினார். கோவா அணிக்கு ரொனால்டினோவே வந்தார். விளக்கு, இசை, டிக்கெட். அது முடிந்ததும் தரையைச் சுருட்டி எடுத்துவிட்டார்கள். அரங்கம் பாட்டுக் கச்சேரிக்கும் விழாக்களுக்கும் திரும்பிப் போயிற்று. மண்டபம் கல்யாணக்காரர்களுக்குத் திரும்பிப் போகிற மாதிரியேதான். இங்கே ஒரே வித்தியாசம், நடுவில் கரிநாள் வருவதில்லை.

திருத்தணி லோக்கலில் சென்ட்ரலுக்கு வருகிறவர்கள் வியாசர்பாடி ஜீவாவைத் தாண்டித்தான் வர வேண்டும். பத்திரிகைகள் அந்தப் பகுதியைக் குட்டி பிரேசில் என்று எழுதும். அங்கிருந்து வந்த ஆட்டக்காரர்கள் யாரும் மணிக்கணக்கில் காசு கட்டிப் பந்து பழகியவர்கள் இல்லை. அதனால்தான் 2024 அக்டோபர் கடைசியில் மாநகராட்சி செய்த காரியம் அவ்வளவு கோபத்தைக் கிளப்பியது. ஒன்பது செயற்கைப்புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் கொடுத்து, ஒருவருக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று மன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். லோக்கலில் திருத்தணி போய்த் திரும்பி வந்தாலும் அவ்வளவு ஆகாது. எதிர்ப்பு கிளம்பியதும் தீர்மானத்தைக் கைவிட்டார்கள்; ஆட்டம் இலவசமாகவே தொடரும் என்றார்கள்.

நல்லதுதான். ஆனால் அவையும் வானம் பார்த்த திடல்கள். வார்டுக்கு ஒரு கூரை கேட்கலாம் என்று எனக்கு ஆசை. சமுதாயக்கூடம் கட்டத் தெரிந்த மாநகராட்சிக்கு, நாற்பதுக்கு இருபதில் ஒரு தகரக் கொட்டகை பெரிய விஷயமில்லை. கேட்டால் கிடைக்கவும் கூடும். கூரை வந்தால் கதவு வரும், கதவு வந்தால் பூட்டு, பூட்டு வந்தால் சாவி வைத்திருக்கிற கான்ட்ராக்டர், அப்புறம் பழைய தீர்மானம் புதிய தேதியோடு வரும். இதை அக்கா மகனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தான்.

"எழுதிக் கேளுங்க மாமா. பூட்டு வேணாம்னு அதுலயே சேர்த்து எழுதுங்க. வர்ற வரைக்கும் நாங்க நனைஞ்சுக்கிட்டே ஆடுறோம்."