ஆவடியிலிருந்து குளிர்கடலுக்கு... உள்ளே எதைப் போடுவது?

சென்ட்ரலிலிருந்து புறநகர் ரயிலில் மேற்கே போனால் வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர், திருமுல்லைவாயல் தாண்டி ஆவடி வரும். வெயிலுக்குப் பேர்போன பக்கம். மார்கழி விடியலில் 20 டிகிரி ஆனாலே இங்கே குரங்குக் குல்லாய் வெளியே வந்துவிடும். ஆனால், உடம்பை மூடிக் காக்கும் உடையைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஊரும் இதுதான்.

காரணம், உள்ளூர்க்காரர்கள் 'ஓ.சி.எஃப்.' என்று சொல்லும் படைத்துறை உடைத் தொழிற்சாலை. 1961-ல் தொடங்கப்பட்டது. டாங்க் ஃபேக்டரிக்குப் பக்கத்து உறவு மாதிரி. ராணுவச் சீருடைகள் இங்கே தைக்கப்படுகின்றன. 2021 அக்டோபரிலிருந்து 'ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட்' நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. 2020 கொரோனா காலத்தில் மருத்துவப் பணியாளர்களுக்கான முழு உடல் கவச உடைகளும் இங்கே தயாராயின.

அந்தக் கவச உடையைப் போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராது. உள்ளேயிருந்து வியர்வையும் வெளியே போகாது. அரை மணி நேரத்தில் உள்ளாடை நனைந்துவிடும். குளிர்ந்த நீரில் மூழ்குபவர்களுக்கும் இதே சிக்கல்தான். ஒரே வித்தியாசம், அங்கே நனைந்த உள்ளாடை உயிருக்கே ஆபத்தாகலாம். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை உறிஞ்சிவிடும்.

நம் வங்கக்கடலில் இந்தக் கவலை இல்லை. தண்ணீர் பெரும்பாலும் 26 முதல் 30 டிகிரி வரை இருக்கும். மெல்லிய ஸ்விம் சூட்டும், மேலே 3 மில்லிமீட்டர் வெட்சூட்டும் போதும். ஆனால் வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் லீவில் எங்கெங்கோ போகிறார்களே! ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவைப் பாருங்கள். இரண்டு கண்டத்தட்டுகள் விலகும் இடத்தில் கண்ணாடி போன்ற தண்ணீர். ஆண்டு முழுக்க 2 முதல் 4 டிகிரிதான். அங்கே 'ட்ரைசூட்' இல்லாமல் மூழ்க முடியாது.

இரண்டு உடை, இரண்டு கணக்கு

வெட்சூட் தோலோடு ஒட்டியிருக்கும். உள்ளே புகும் கொஞ்சம் தண்ணீரை உடம்பே சூடாக்கிக்கொள்ளும். அதனால் உள்ளே தொளதொள டி-ஷர்ட் கூடாது. மடிப்பு விழுந்தால் குளிர்ந்த நீர் ஓடும் வழியாகிவிடும்.

ட்ரைசூட் அப்படியல்ல. கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுகப் பிடித்து, தண்ணீரை வெளியே நிறுத்தும். பல ட்ரைசூட்கள் வெறும் மெல்லிய நீர்புகாத் துணிதான். சூட்டைக் காப்பது, உள்ளே நாம் போடும் உடுப்பு.

பருத்தி வேண்டாம்

"உள்ளே ஒரு பனியன் போட்டுக்கோ கண்ணு" என்பது நம் வீட்டு அறிவுரை. ஆவடி வெயிலுக்கு அது சரி. குளிர்நீருக்கு அதுவே எதிரி. பருத்தி வியர்வையைக் குடித்து, ஈரமாக உடம்பிலேயே ஒட்டிக்கிடக்கும். தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல். அதற்கு மேல் ஃப்ளீஸ். இந்த வரிசைதான் சரி.

தடிமனாக அடுக்கினால் நல்லது என்று நினைக்க வேண்டாம். உடுப்பில் காற்று அதிகமானால் மிதப்பீர்கள்; இடுப்பில் கூடுதல் எடை கட்ட வேண்டிவரும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகும் என்பதால், பஞ்சு போன்ற துணி நசுங்கிக் கதகதப்பை இழக்கும். கை, நெஞ்சிலும் தோளிலும் உள்ள வால்வை எட்ட வேண்டும். சாக்ஸும் அப்படித்தான். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் இன்னும் சில்லிடும்.

கழுத்துச் செயின், வளையல், தொங்கும் கம்மல் எல்லாவற்றையும் கரையிலேயே கழற்றிவிடுங்கள். கழுத்துப் பட்டையின் கீழ் சில தலைமுடி சிக்கினாலும் தண்ணீர் கசியும். நீளக் கூந்தலைத் தூக்கிக் கட்டுவது அவசியம்.

வீட்டிலேயே ஒரு சோதனை

கடையில் வாங்கும்போது உள்ளே தைத்திருக்கும் சின்னத் துணிச்சீட்டைப் படியுங்கள். 100 சதவீதம் காட்டன் என்றிருந்தால் திருப்பி வையுங்கள். சந்தேகமாக இருந்தால், அதையும் ஒரு காட்டன் பனியனையும் நனைத்துப் பிழிந்து நிழலில் காயப்போடுங்கள். எது முதலில் உலர்கிறதோ, அதுதான் பெட்டியில் ஏற வேண்டியது. உடுப்பு எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு குனிந்து, நிமிர்ந்து, கைகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள். எங்கும் பிடிக்கக் கூடாது.

ட்ரைசூட்டில் மூழ்கத் தனிப் பயிற்சி வேண்டும். அது இல்லாதவர்கள் சில்ஃப்ராவில் மேலே மிதந்து பார்க்கும் ஸ்நார்க்கெலிங்கோடு நிறுத்திக்கொள்ளலாம். எதுவானாலும், உடம்பு நடுங்க ஆரம்பித்தால் "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று பொறுக்காதீர்கள். வழிகாட்டிக்குச் சைகை காட்டிவிட்டு மேலே வந்துவிடுங்கள்.