கையிலடங்கும் ஆடரங்கு

நமது கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்தார் விழா மலரொன்றை வெளியிட முனைந்து, அதற்கொரு கட்டுரை தருமாறு நம்மையும் பணித்தனர். தமிழாசிரியரிடமிருந்து யாது வருமென மலராசிரியர் எதிர்பார்த்திருப்பார் என்பதை நாம் அறியாதவரல்லேம். சிலம்பின் சிறப்பு, கம்பன் கவிநலம், குறள் காட்டும் நெறி என்றிவற்றுள் ஒன்றே அவருள்ளத்தில் இருந்திருக்கும். அவற்றை நம்மினும் நன்கெழுத வல்லார் பலர் இம்மலரிலேயே உளர். ஆதலின் அவர்கள் தொடாத பொருளொன்றை நாம் தொட்டோம். அது கையிலேந்தி விளையாடும் மின்விளையாட்டுக் கருவி. அதிலும் 2025 ஆம் ஆண்டு யூன் மாதம் 5 ஆந் திகதி வெளிவந்த நின்டெண்டோ சுவிட்ச் 2 என்னும் புதுக்கருவி.

பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கும் பொருளைப் பற்றி ஆசிரியரொருவர் எழுதுவதா என்று முகஞ்சுளிப்பாரும் இருப்பர். அவர்க்கு ஒரு சொல். விளையாட்டைத் தமிழ்ச் சான்றோர் இழிவாகக் கருதினாரல்லர். உவகை பிறக்கும் நிலைக்களங்கள் நான்கினைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிற் கூறுமிடத்து, விளையாட்டையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். நற்றிணையின் மூன்றாம் பாட்டிலே, வேப்பமரத்தின் புள்ளி நிழலில், பொன்னுரைக்கும் கல்லையொத்த அரங்கொன்றை நிலத்திற் கீறி, நெல்லிக்காயை வட்டாகக் கொண்டு ஆடுஞ் சிறுவரைக் காண்கின்றோம். அவர்க்கு நிலமே திரை, நெல்லிக்காயே கருவி. இன்று நம் மாணவர் கையில் ஒளிருந் திரையிலும் அந்த வட்டரங்கே வேறுருக் கொண்டு நிற்கின்றது. கருவி மாறிற்றேயன்றி ஆடும் உள்ளம் மாறவில்லை.

இப்பொருள் பற்றிப் பேச நமக்கு என்ன உரிமை எனின், கூறுவோம். பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ் பெற்றுத் தமிழ் கற்பிப்பது நம் தொழில். வயது நாற்பதைக் கடந்துவிட்டது. ஆயினும், 1990 களிற் கண்டிக் கடைகளில் விற்ற, செங்கற்கள் விழுவது போன்ற கட்டைகளை அடுக்கும் சிறு விளையாட்டுக் கருவி நம் கைக்கு வந்த நாள்முதல் இன்றுவரை, இவ்வகைக் கருவிகளை விட்டுப் பிரிந்தோமில்லை. மாணவர்க்கு இஃது இரகசியமன்று. யாப்பிலக்கணத்தில் ஐயம் வந்தாலும், ஆட்டத்தில் ஒரு கட்டத்தைத் தாண்ட முடியாமற் போனாலும், அவர்கள் நம்மிடமே வருகின்றனர்.

இக்கட்டுரைக்கு நேர்க் காரணமானது ஒரு தந்தையின் வினா. கொழும்பு வீதியிலுள்ள புடைவைக் கடையொன்றிற் பணிபுரியும் அவர், ஒருநாள் மாலை நம்மைத் தேடி வந்தார். அவர் மனைவி குவைத்தில் வீட்டுப்பணி செய்கின்றார். மகன் நம் மாணவன். பத்தாம் வகுப்பிற் படிப்பவன்.

"சேர், பையன் இந்தப் புதுக் கேம் மெஷினைக் கேட்டு ஒரு மாசமா நச்சரிக்கிறான். அவங்க அம்மா போட்டு வச்சிட்டுப் போன சங்கிலி ஒண்ணு இருக்கு. அத அடகு வச்சு வாங்கிக் குடுக்கலாங்களா?" என்றார்.

ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடுக்கத்தக்க வினாவன்று அது. சில நாள் தவணை கேட்டோம். அக்காலை, கனடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த பழைய மாணவரொருவர் தம் சுவிட்ச் 2 ஐ மூன்று வாரம் நம்மிடம் விட்டுவைத்தார். அதனாற் கண்டறிந்தவற்றை இனி உரைப்போம்.

முதலில் இதன் குலமுறை. நின்டெண்டோ 1889 இல் யப்பானின் கியோத்தோ நகரிற் பூப்படம் பொறித்த விளையாட்டுச் சீட்டுகளைச் செய்யத் தொடங்கிய நிறுவனம். அங்கே பணியாற்றிய குன்பெய் யொகோய் என்பார், விரைவு இரயிலிற் பயணி ஒருவர் பொழுதுபோகாமற் கணக்கிடுங் கருவியின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததைக் கண்டாராம். அக்காட்சியின் பயனாக 1980 இற் சட்டைப்பைக்குள் அடங்கும் விளையாட்டுக் கருவி பிறந்தது. கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே மூன்று மணி நேரம் புகைவண்டியில் இருப்போர்க்கு அப்பயணியின் உள்ளம் விளங்கும். கடுகண்ணாவை மலையேற்றத்தின் அழகும் நூறாவது முறை பார்க்கையில் ஒரு துணையை வேண்டுகின்றது.

யொகோயின் கொள்கை நம் சிந்தைக்குரியது. புதுமையிற் புதுமையான உறுப்புகளைத் தேடி ஓடாது, நன்கு பழகி மலிந்துவிட்டவற்றைப் புதுவழியிற் பயன்படுத்துக என்பது அது. 1989 இல் வந்த கேம் போய் அவ்வாறு எழுந்தது. அதற்கு நிறமில்லை, திரைக்குத் தன்னொளி இல்லை, நான்கு சிறு பற்றரிகள் பல மணி நேரத்துக்குப் போதும். மறு ஆண்டில் வந்த சேகாவின் கேம் கியர், நிறத்திரையோடு பொலிந்தது. ஆயின் ஆறு பற்றரிகளைச் சில மணி நேரத்தில் விழுங்கியது. வென்றது நிறமில்லாததே. பின்வந்த நிறத்திரை வகையையுஞ் சேர்த்துக் கேம் போய் 11 கோடிக்கு மேல் விற்றது. கையிற்கொள்ளுங் கருவிக்கு அழகினும் உழைப்பே பெரிது என்பது அதனாற் போந்த பாடம்.

அப்பாடத்தை உரைகல்லாக்கிச் சுவிட்ச் 2 ஐ உரைத்துப் பார்ப்போம். திரை 7.9 அங்குலம், தெளிவும் இயக்கத்தின் மென்மையும் பழைய சுவிட்சினும் பன்மடங்கு மேல். இருபுறத்துக் கைப்பிடிகள் முன்போற் சறுக்கிப் பொருந்தாமற் காந்தத்தாற் பற்றிக்கொள்கின்றன. நாம் எவ்வளவு அசைத்தும் தாமாகக் கழன்றில. கைப்பிடியைப் பக்கவாட்டிற் சாய்த்து மேசைமேல் நகர்த்தினாற் கணினியின் சுட்டியாகவும் தொழிற்படும். புதுமைதான், எனினும் மணிக்கட்டு விரைவில் நோகின்றது. கைப்பிடிகளோடு நிறை 534 கிராம். படுத்துக்கொண்டு ஆடுவார் முகத்தில் விழுந்தால் நினைவில் நிற்கும். பற்றரியோ, ஆட்டத்துக்கேற்ப 2 முதல் 6½ மணி நேரம் என்று நிறுவனமே கூறுகின்றது. பெரிய ஆட்டமொன்றை ஆடிக்கொண்டு கண்டியிற் புகைவண்டி ஏறுவாரின் திரை, கொழும்புக் கோட்டையை அடையுமுன்னரே அணையக்கூடும். முந்தைய ஓலெட் வகைக்கு 4½ முதல் 9 மணி நேரமாம். யொகோய் இருந்திருப்பின் இவ்விடத்திற் புருவத்தை உயர்த்தியிருப்பார்.

இனித் துணைக்கருவிகள். கருவியை வாங்குவோரைக் கடைகள் வளைத்துப் பிடிக்குமிடம் இதுவே; ஆதலிற் சற்று விரித்துரைப்போம். திரைக்கொரு பாதுகாப்புக் கண்ணாடியும், கட்டியான உறையும் இன்றியமையாதன. மழையும் ஈரமும் மிக்க நம் மலைநகரிற் புத்தகப்பையோடு பையாய்க் கிடப்பதற்கு உறையில்லாமல் ஒருநாளும் ஆகாது. அடுத்து மெமரி காட். பழைய சுவிட்சில் இட்ட சாதாரண மைக்ரோ எஸ்டி காட்டிலிருந்து இதில் ஆட்டங்களை ஆடவியலாது. மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்னும் விலைமிக்க வகையே வேண்டும். "எல்லாம் ஒன்றுதான்" என்று விற்போர் சொல்லைக் கேளற்க. உள்ளேயே 256 ஜிபி இடமிருத்தலின் முதலாண்டில் அதுவும் வேண்டா. தொலைக்காட்சியோடு இணைக்குந் தாங்கி கருவியுடனே வருகின்றது. நண்பர் முகங்கண்டு பேசிக்கொண்டு ஆடுவதற்கான கமரா அழகுப்பொருள். இணைய வேகம் தளரும் வீட்டில் அது மேசையலங்காரம். பவர் பேங்க் மட்டும் பயனுடைத்து. 2022 மார்ச்சு முடிவில் ஒருநாட் பொழுதில் 13 மணி நேரம் மின்வெட்டுக் கண்ட நாட்டவர்க்கு அதன் அருமையை உரைக்க வேண்டுவதில்லை.

விலையை நோக்குவோம். அமெரிக்காவில் இது வெளிவந்த விலை 449.99 டொலர். டொலரொன்று ஏறக்குறைய 300 ரூபா எனக் கொண்டால் 135,000 ரூபா ஆகின்றது. அதன்மேற் கப்பற்கூலி, தீர்வை, 2024 முதல் 18 வீதமாக உயர்ந்த பெறுமதி சேர் வரி, விற்போர் இலாபம் என்பன ஏறும். மரியோ கார்ட் வேர்ல்ட் என்னும் ஓராட்டம் மட்டுமே தனித்து 79.99 டொலர், 24,000 ரூபா. சில ஆட்டங்களின் அட்டையிலோ ஆட்டமே இல்லை. அது திறவுகோல் மட்டுமே, ஆட்டத்தை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். சங்கிலியோடு முடியுஞ் செலவன்று இது.

யப்பானிற் பணிபுரியும் உறவினர் மூலம் மலிவாகப் பெறலாமென எண்ணுவார்க்கும் ஓரெச்சரிக்கை. அந்நாட்டில் 49,980 யென் விலையில் வெளிவந்த வகை யப்பானிய மொழியில் மட்டுமே இயங்கும். யப்பானியக் கணக்கையே ஏற்கும். பல மொழிகள் உள்ள வகை அங்கும் விலை கூடியதே.

மொழியென்ற இடத்தில் தமிழாசிரியர் வாளாவிருத்தல் இயலாது. பல மொழி வகையிலும் தமிழ் இல்லை, சிங்களமும் இல்லை. நம் மாணவர் நாடோறும் பல நாழிகை வாழும் அவ்வுலகில், கதவைத் திற என்பதற்கும், வென்றாய் என்பதற்கும், இறந்தாய் என்பதற்கும் தாய்மொழியில் ஒரு சொல் அவர் கண்ணிற் படுவதில்லை. பிள்ளைகள் ஆங்கிலத்தை விரைந்து கற்பது நன்றே. ஆயின் வியப்பும் வீரமும் வெற்றியும் பிறமொழியிலும், பரீட்சையும் ஏச்சும் தமிழிலும் வருமாயின், எம்மொழியின்பால் அவர் உள்ளஞ் செல்லும்? கட்டுரை எழுதுக என்றால் மூன்று வரியில் நிற்கும் மாணவன், ஆட்டத்தில் தான் அடைந்த வெற்றியைக் கூற மூச்சுவிடாமல் அரைமணி நேரம் பேசுகின்றான். சொல்வதற்கு அவனிடம் பொருள் உண்டு, சொல்லே இல்லை.

இவ்விருளில் ஒரு விளக்கு உண்டு. கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு குழுவினர் 2023 யூலையில் வெளியிட்ட ஆட்டத்தின் பெயர் வெண்பா. யாப்பிற் கடியது எனப் புலவர் அஞ்சும் அப்பாவின் பெயரே கதைத்தலைவியின் பெயர். 1980 களிற் கனடாவிற் குடியேறிய தமிழ்த் தாயொருத்தி, தன் அன்னையின் கிழிந்து கறைபடிந்த சமையற் குறிப்பேட்டைக் கொண்டு விட்டுப்போன பகுதிகளை உய்த்துணர்ந்து சமைக்கின்றாள். மகனோ வளர வளரத் தமிழினின்றும் அகல்கின்றான். போரில்லை, துப்பாக்கியில்லை. இட்டலித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி எங்கும் பரவும் என்பதே ஆடுவோர் அவிழ்க்க வேண்டிய புதிர். 2024 இல் இது பிரித்தானிய பாஃப்டா விருதுகளில் முதற்படைப்புக்குரிய விருதைப் பெற்றது. விலை 15 டொலருக்குள். பழைய சுவிட்சிலேயே ஆடலாம்.

எனவே அத்தந்தைக்கு நாம் விடையளித்தோம். சங்கிலியை அடகு வைக்கலாகாது. கருவி மூன்றாண்டிற் பழையதாகும், வட்டி பழையதாகாது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடியட்டும். அதன்பின் பையன் தானே சிறிது சேர்த்து, பிறர் ஆடிய பழைய சுவிட்சொன்றை வாங்கலாம். அதுவரை நம்மிடமுள்ள பழைய கருவி வெள்ளிக்கிழமைதோறும் பாடசாலை விட்டபின் ஒரு மணி நேரம் தமிழ் மன்றத்தார்க்கு உரியது. விதி ஒன்றே: ஆடியவன் அடுத்த வாரம் தன்னாட்டத்தைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி வாசிக்க வேண்டும், ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச்சொல்லைத் தானே ஆக்க வேண்டும்.

மாணவர் ஆக்கிய சொற்கள் நம்மை வியப்பித்தன. இறந்தவன் மீண்டும் ஆட்டந் தொடங்கும் இடத்துக்கு ஒருவன் 'அம்பலம்' என்று பெயரிட்டான். கடுகண்ணாவையில் வழிப்போக்கர் தங்கிய அம்பலத்தைப் பார்த்தவன் அவன். இறுதியில் எதிர்ப்படும் பெரும்பகைவன் 'கடைக்காவலன்' ஆனான். இணையந் தளர்ந்து படம் தடுமாறுதல் 'நொண்டுதல்'. அகராதிக்குழு அமைத்தும் நாம் இவற்றைப் பெற்றிருக்க மாட்டோம்.

சங்கிலிக்குரியவரின் மகனும் வந்தான். வெண்பாவைத்தான் முதலில் அவன் கையிற் கொடுத்தோம். இட்டலிப் பகுதியில் இருமுறை தவறி மூன்றாம் முறை வென்றான். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சேர், இது சரியான்னு அம்மாகிட்ட போன்ல கேக்கணும்" என்றான். அவன் அடுத்த வாரம் வாசித்தது ஒரு பக்கமன்று, நான்கு பக்கம். பிழைகள் இருந்தன, அன்று அவற்றைத் திருத்தவில்லை.

நிறைவாகப் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். நும்முட் பலர் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் மென்பொருள் செய்து வாழ்கின்றீர். விடுமுறையில் வரும்போது புதுக்கருவி கொணர்ந்து காட்டுகின்றீர், மகிழ்ச்சியே. அதனினும் பெரிய பரிசு ஒன்றுண்டு. ஆட்டஞ் செய்யும் வித்தையை ஒரு விடுமுறைக் கிழமை இம்மாணவர்க்குக் கற்பித்துச் செல்க. அம்பலத்துக்குப் பெயரிட்ட பிள்ளைக்கு அவ்வம்பலத்தைக் கட்டவுந் தெரியட்டும். நம் கல்லூரி நீடு வாழ்க. அதன் மைந்தர் ஆடியும் பாடியும் அறிவிற் சிறக்க.