நடத்தாமல் விட்ட நாலாம் அங்கம்

கல்லூரியில் 20 வருடம் ‘மக்பெத்’ நடத்தியவன் நான். அந்த நாடகம் எதைக் காட்டி எச்சரிக்கிறதோ அதையே செய்து என் மாணவர்களைக் கெடுத்தவனும் நான்தான்.

தேர்வுக்கு முன்னால் ‘முக்கியக் கேள்விகள்’ என்று 5 கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். 4 வருடம் தொடர்ந்து அவை அப்படியே வந்தன. “சார் சொன்னா வரும்” என்பது பேச்சாகிவிட்டது. எனக்கும் மயக்கம் ஏறியது. சூனியக்காரிகள் சொன்னபடி கோடர் பிரபுப் பட்டம் கைக்கு வந்ததும் மக்பெத்துக்கு ஏறியதே, அதே மயக்கம். சின்ன உண்மையைக் காட்டிப் பெரிய குழியில் தள்ளுவார்கள் என்று உடனிருக்கும் தளபதி பாங்கோ அங்கேயே அவனை எச்சரிக்கிறான். அதை எத்தனை முறை நடத்தியிருப்பேன்!

அடுத்த வருடம் துறைத்தலைவர் பதவி காலியானது. நூறு சதவீதத் தேர்ச்சி காட்டினால் எனக்குத்தான் என்று நம்பினேன். மூன்றாம் அங்கத்தோடு நிறுத்திவிட்டு, அந்த 5 கேள்விகளையே திரும்பத் திரும்ப எழுத வைத்தேன். வரலாற்று மக்பெத் 1040 முதல் 1057 வரை ஸ்காட்லாந்தை ஆண்டவன் என்பதைக்கூடச் சொல்லவில்லை. தேர்வில் வராதே!

ஒரு மாணவி எழுந்து, “சார், நாலாவது அங்கம்?” என்றாள்.

“நான் சொன்னது எப்பவாவது வராமப் போயிருக்கா?” என்று உட்கார வைத்தேன்.

நாலாம் அங்கம்தான் வந்தது. சூனியக்காரிகள் வரவழைக்கும் மூன்று உருவங்கள் மக்பெத்திடம் சொன்னவை பற்றி, 15 மதிப்பெண். எதிர்த்து நிற்கும் பிரபு மக்டஃபிடம் ஜாக்கிரதை என்று முதல் உருவம் நேராகவே சொல்கிறது. பெண் பெற்ற எவனாலும் உனக்குக் கேடில்லை என்று அடுத்தது சொன்னதுமே, மக்டஃபுக்கு நான் ஏன் பயப்பட வேண்டும் என்கிறான் மக்பெத். எச்சரிக்கை காதில் விழாமல் இல்லை. பிடித்ததை மட்டும் வைத்துக்கொண்டான். மக்டஃப் தாயின் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவன் என்பது மக்பெத்துக்குக் கடைசிச் சண்டையில்தான் தெரிகிறது.

தேர்வறைக்கு வெளியே அந்த மாணவி கேள்வித்தாளை என்னிடம் நீட்டினாள். அந்தக் கேள்வியைச் சுற்றிப் பேனாவால் வட்டம், தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி. வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை.

11 பேருக்கு அரியர் விழுந்தது. அவளுடைய பி.எட். கனவு ஒரு வருடம் தள்ளிப்போனது. கேள்வித்தாள் கடினம் என்று நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதி, அந்த 11 பேரையும் கையெழுத்துப் போட வைத்தேன். அவளும் போட்டாள்.

கேள்வித்தாளில் ஒரு தப்பும் இல்லை. பாடத்தில் உள்ளதைத்தான் கேட்டிருந்தார்கள். நடத்தாதவன் நான்.