எஃப் 1.8 பாதிக் கணக்கு

ஜனவரி 4, சனி

சோனி ஆர்எக்ஸ்100, முதல் மாடல். 2012-இல் வந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பேட்டரி, கார்டு சேர்த்து 240 கிராம். சட்டைப் பையில் அடங்கும்; பை கொஞ்சம் தொங்கும், அவ்வளவுதான். வந்த வருடமே டைம் பத்திரிகை அந்த ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்புகள் பட்டியலில் இதைச் சேர்த்தது. காரணம் உள்ளே இருக்கும் சென்சார். 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர். அந்தக் காலத்துச் சாதாரண பாக்கெட் கேமராவில் இருந்ததைவிடப் பரப்பில் ஏறக்குறைய நான்கு மடங்கு. அதே சமயம், பலர் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் டிஎஸ்எல்ஆரின் ஏபிஎஸ்-சி சென்சாரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

லென்ஸைச் சுற்றிப் பொடி எழுத்தில் 1.8–4.9 என்று போட்டிருக்கிறது. விற்றவர் முதல் எண்ணை மட்டும் அழுத்திச் சொன்னார். விற்கிற யாரும் இரண்டாவது எண்ணைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அக்கா மகன் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “போன்லயே எல்லாம் வருதே மாமா, இதுக்குப் போயி காசைக் கொடுத்தீங்களா?” நியாயமான கேள்வி. இரண்டு மாதம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஜனவரி 5, ஞாயிறு

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட், விடிவதற்கு முன்னால். மார்கழிப் பனியில் மல்லிகை வரத்துக் குறைவு, விலை ஏற்றம், அதனால் கடைக்குக் கடை பேச்சும் ஏற்றம். வெளிச்சம் என்று பார்த்தால் தராசுக்கு மேலே தொங்கும் பல்பு ஒன்றுதான்.

இந்த இடத்துக்கென்றே செய்தது போல இருக்கிறது கேமரா. ஜூமைத் தொடவில்லை. அகலக் கோணத்திலேயே, அதாவது 28 மில்லிமீட்டரில், எஃப் 1.8 முழுவதும் திறந்து, ஐஎஸ்ஓ 1600-க்குள் வேலை முடிந்தது. லென்ஸுக்குள்ளேயே இருக்கும் இலை ஷட்டர். பக்கத்தில் நிற்பவர் காதுக்குக்கூட எட்டாத சத்தம். மெனுவில் பீப்பை மட்டும் அணைத்துவிட வேண்டும். ஒரு அம்மா, “எடுத்துட்டீங்களா தம்பி, இல்லையா?” என்று கேட்ட பிறகு திரையைத் திருப்பிக் காட்டினேன். சத்தமில்லாத சின்னக் கேமரா கையில் இருந்தால் கேட்காமல் எடுக்கும் ஆசை வரும். கேட்டுவிட்டு எடுப்பதே மரியாதை. கேட்ட பிறகும் அவர்கள் பூவை அள்ளுவதை நிறுத்திவிட்டு விறைத்து நிற்பதில்லை. பெரிய கேமரா என்றால் நிற்பார்கள்.

அதே காட்சியைப் போனிலும் எடுத்தேன். இருட்டில் போன் ஒரு படம் எடுப்பதில்லை. அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றாக்கித் தருகிறது. குவிந்து கிடக்கும் பூவுக்கு அது போதும். அள்ளி வீசுகிற கைக்குப் போதாது, விரல்கள் மெழுகாகிவிடுகின்றன. ஆர்எக்ஸ்100 படத்தில் கை கொஞ்சம் இழுபட்டிருக்கிறது. ஆனால் அது கைதான்.

ஒரு குறை இங்கேயே தெரிந்துவிட்டது. அகலக் கோணத்தில் 5 சென்டிமீட்டர் வரை நெருங்கலாம். ஜூமை முழுதாக இழுத்தால் 55 சென்டிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஆக, ஒற்றை மொட்டை நெருங்கி எடுக்கலாம், ஆனால் சந்தை முழுவதும் பின்னால் மங்கலாகவாவது தெரியும். பின்னணியை ஒதுக்கிவிட்டு மொட்டை மட்டும் நிறுத்த வழியில்லை.

ஜனவரி 31, வெள்ளி

கல்யாணம். இந்தக் கேமராவில் என் மனத்துக்குப் பிடித்த விஷயம் கையேட்டில் இருக்காது. மேலே எழும்பும் பிளாஷை ஆள்காட்டி விரலால் பின்னுக்குச் சாய்த்துப் பிடித்தால் வெளிச்சம் கூரையில் பட்டு மெத்தென்று இறங்கும். முகத்தில் அறைகிற வெள்ளை இல்லை, சுவரில் கறுப்பு நிழல் இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் வெள்ளைக் கூரை, உயரமும் குறைவு. பந்தியில் பாயசம் ஊற்றுபவர், இலையை மடிக்கும் தாத்தா, எல்லாரும் பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்தது போல வந்திருக்கிறார்கள்.

மணமேடையில் அந்த வித்தை பலிக்கவில்லை. மேலே சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். கூரைக்குப் போன வெளிச்சம் சிவப்பாகவே திரும்பியது. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் குங்கும நிறம். ரா பைலாக எடுத்திருந்ததால் கம்ப்யூட்டரில் ஓரளவு மீட்கலாம். வெளியிலிருந்து பெரிய பிளாஷ் மாட்டலாமா என்றால் மேலே அதற்கான ஷூ கிடையாது. இந்த மாடலுக்கு மறு வருடம் வந்த மார்க் 2-இல் அதைக் கொடுத்தார்கள். அதற்கடுத்த மார்க் 3-இல் வியூஃபைண்டருக்கு இடம் வேண்டுமென்று எடுத்துவிட்டார்கள்.

பேட்டரிக்குக் கம்பெனிக் கணக்கு 330 படம். முகூர்த்தம் முதல் மதியப் பந்தி வரைக்கும் சரி. வரவேற்பும் இருந்தால் இன்னொரு பேட்டரி பையில் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். மீனாட்சியும் சுந்தரேசுவரரும் தெப்பத்தில், கரையில் வடம் பிடிக்கும் கூட்டம்.

காலை வெயில் ஏறியதும் பின்பக்கத் திரை கண்ணாடியாகிவிட்டது. என் முகம்தான் தெரிந்தது. வியூஃபைண்டர் இல்லாத கேமராவுக்கு நம் ஊர் வெயில் பெரிய சோதனை. திரை சாயவும் சாயாது. தலைக்கு மேலே தூக்கி எடுத்தால் குத்துமதிப்புதான். துண்டை நெற்றிக்கு மேலே பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன்; பக்கத்தில் ஒருவர் மயக்கமா என்று விசாரித்தார்.

தெப்பம் மையமண்டபத்தின் பக்கம் போனதும் கைவிட்டேன். 100 மில்லிமீட்டர் என்பது தெருவுக்கு அந்தப் பக்கம்வரை போதும். குளத்துக்கு அந்தப் பக்கம் போதாது. ஆனால் வடம் பிடித்தவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்கள். உச்சி நோக்கி ஏறும் வெயில், தலைப்பாகை நிழலில் இருண்ட முகங்கள். இங்கேதான் இலை ஷட்டர் தன் மதிப்பைக் காட்டுகிறது. பெரிய கேமராக்களின் திரை ஷட்டரில் சாதாரணமாக 1/200, 1/250 வினாடிக்கு மேல் பிளாஷ் ஒத்துப்போகாது. இதில் 1/2000 வரை போகலாம். வானத்தை நீலமாகவே வைத்துக்கொண்டு முகத்துக்கு மட்டும் வெளிச்சம் கொடுக்க முடிந்தது. அந்தக் குட்டி பிளாஷுக்கு இரண்டு மீட்டருக்கு மேல் பலமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்தில் நின்றால் போதும்.

பிப்ரவரி 15, சனி

பள்ளி ஆண்டு விழா. அக்கா பேத்தி நடனம். எட்டாவது வரிசையில் இடம்.

லென்ஸின் இரண்டாவது எண் இன்று பேசியது. ஜூமை முழுதாக நீட்டினால் எஃப் 4.9. முதல் எண்ணோடு ஒப்பிட்டால் உள்ளே வரும் வெளிச்சம் ஏழில் ஒரு பங்கு. மார்க்கெட்டில் 1600-இல் முடிந்த வேலைக்கு இங்கே 6400 வேண்டும், அதுவும் மேடை விளக்கின் தயவில். ஒற்றைப் படத்தில் அதற்கு மேல் இந்தக் கேமரா போகாது. குழந்தையின் முகத்தில் மணல் தூவியது போல இரைச்சல். சரி, அகலக் கோணத்தில் 1.8-லேயே எடுத்துவிட்டுப் பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டால், 2 கோடிப் பிக்சலில் மிஞ்சுவது 16 லட்சம். வாட்ஸப்புக்கு அனுப்பலாம். சட்டம் போட்டு மாட்ட முடியாது.

இடைவேளையில் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டேன். படங்கள் வந்தன.

பிப்ரவரி 23, ஞாயிறு

அக்கா மகனுக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள். பின்னால் வந்த மாடல்களை ஒரு தரம் பார்த்தேன். 2014-இன் மார்க் 3-இல் லென்ஸ் 1.8–2.8; மேடைப் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது, ஆனால் ஜூம் 70-லேயே நின்றுவிடுகிறது. 2018-இன் மார்க் 6-இல் ஜூம் 200 வரை நீளுகிறது, தொடக்கமே 2.8 ஆகிவிட்டதால் பூ மார்க்கெட்டில் கிடைக்கும் வெளிச்சம் பாதிக்கும் கீழே. சட்டைப் பை அளவை மாற்றாமல் தூரமும் வெளிச்சமும் ஒருசேரக் கொடுக்க அந்த வரிசையில் எதனாலும் முடியவில்லை. கண்ணாடியின் குறுக்களவுக்கு உள்ள எல்லை அது. எந்த மென்பொருளும் அதை அகலப்படுத்தாது.

2010-இல் உலகம் முழுவதும் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்குப் போயின. 2023-இல் 80 லட்சம்கூட இல்லை. காணாமல் போனவற்றில் பெரும்பங்கு பாக்கெட் கேமராக்கள்தான். போன் தின்றுவிட்டது என்பது உண்மை. வாசலில் வெயில், உள்ளே இருட்டு என்கிற காட்சியில் போன் ஒரு நொடியில் தருவதை நான் ரா பைலோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டித்தான் எடுக்கிறேன்.

அவனிடம் சொன்னது இதுதான்: ஆட்களுக்குப் பக்கத்தில் போய், அவர்களோடு பேசி, இருட்டிலும் எடுக்கிறவனுக்கு இது இன்றும் நல்ல கேமரா. உட்கார்ந்த இடத்திலிருந்து ஜூம் இழுப்பவனுக்கு இல்லை. “அப்ப எனக்கு வேண்டாம் மாமா” என்றான். நேர்மையான பையன்.

இப்போது இளவட்டங்கள் பழைய கேமராக்களைத் தேடத் தொடங்கிவிட்டதால் செகண்ட் ஹேண்ட் விலை ஏறிக் கிடக்கிறது. வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே லென்ஸை எஃப் 11-க்கு மூடி, வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் நிறப் பொட்டு தெரிந்தால் அது சென்சாரில் ஒட்டிய தூசி. லென்ஸ் கழற்ற முடியாத கேமரா. உடம்பையே பிரித்துத்தான் துடைக்க வேண்டும். அந்தக் கூலியை விலையில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள், இல்லையென்றால் வேறு கடை பாருங்கள்.