ஒரு கிகாபைட்டுக்குள்

வெள்ளி, இரவு

எங்கள் தெருக்கோடியிலுள்ள படிப்பகத்தின் நூற்பட்டியலைத் தட்டச்சிட்டு ஒழுங்குபடுத்தித் தரவேண்டும் என்று அதன் காரியதரிசி கேட்டுக்கொண்டதையும், அதற்கெனப் புதிய கணினி வாங்கும் நிலையில் படிப்பகம் இல்லை என்பதையும் ஆலோசித்து, நெடுங்காலமாக அலமாரியின் மேல்தட்டில் துணி சுற்றிக் கிடந்த ஏசர் அஸ்பயர் ஒன் நெட்புக்கை இன்று இறக்கித் துடைத்து வைத்தேன். 8.9 அங்குலத் திரை, 1.6 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள இன்டெல் ஆட்டம் என்270 செயலி, 1 கிகாபைட் ராம், 160 கிகாபைட் ஹார்ட் டிஸ்க். இவ்வளவே அதன் ஆஸ்தி. உள்ளே இருப்பது விண்டோஸ் எக்ஸ்பி. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு அதன் பராமரிப்பு முடிந்துவிட்டபடியால், அதை வலையோடு இணைப்பது விவேகமாகாது; ஆகவே அதை நீக்கிவிட்டு லினக்ஸை ஏற்றுவதென்று எண்ணினேன்.

"ஏன் மாமா, இதைக் காயலான் கடையிலே போட்டுவிட்டு வேறே வாங்கக் கூடாதா?" என்று தங்கை மகள் கேட்டாள். விசைப்பலகையில் ஓர் எழுத்துகூடப் பழுதில்லை, திரை தெளிவாக இருக்கிறது, விசிறி சுழல்கிறது. கெடாத ஒரு பொருளைக் குப்பையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை என்றேன். நெட்புக் என்ற இனமே லினக்ஸோடுதான் பரவத் தொடங்கியது என்பதையும் அவளுக்குச் சொன்னேன். 2007-இல் அசுஸ் நிறுவனம் வெளியிட்ட ஈ பிசி 701, 7 அங்குலத் திரையும் 4 கிகாபைட் சேமிப்பும் மட்டுமே கொண்டு, ஸாண்ட்ரோஸ் என்னும் லினக்ஸ் வகையோடு விற்பனைக்கு வந்தது. ஆகவே நான் செய்யப்போவது நூதனமான காரியம் ஒன்றுமில்லை.

சனி, காலை

எந்த லினக்ஸ் என்பதைத் தீர்மானிப்பதிலேயே காலைப்பொழுது கழிந்தது. என்270 ஒரு 32-பிட் செயலி. அதில் 64-பிட் இயங்குதளம் எதுவும் ஏறாது. உபுண்டு முதலிய பிரபலமான வகைகள் 32-பிட் நிறுவல் வட்டுகளை எப்போதோ நிறுத்திவிட்டன. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13-இலும் இத்தகைய யந்திரங்களுக்கான நிறுவி கிடையாது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 இருக்கிறது. நீண்டகாலப் பராமரிப்புக் கணக்கில் 2028 வரை அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அதையே கைக்கொள்வதென்று முடிவு செய்தேன்.

1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஃபின்லாந்து மாணவர் தம் மேஜைமீதிருந்த 386 கணினிக்கென்று எழுதத் தொடங்கிய லினக்ஸ் கர்னல் அந்த 32-பிட் குடும்பத்திலேயே பிறந்தது என்பதை நினைக்கும்போது, அந்தக் குடும்பத்தின் கதவு ஒவ்வொன்றாகச் சாத்தப்படுவதில் எனக்கு வருத்தம் உண்டாகிறது. ஆயினும் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. 1993-இல் இயன் மர்டாக் தோற்றுவித்த டெபியனை, பல தேசங்களிலும் உள்ளவர்கள் பெரும்பாலும் ஊதியத்தை எதிர்பாராமல், தங்கள் ஓய்வு நேரத்தைச் செலவிட்டுப் பேணி வருகிறார்கள். எங்கோ முகமறியாத ஒருவர், சந்தையிலிருந்து மறைந்துபோன இந்தச் செயலிக்காக, ஆயிரக்கணக்கான மென்பொருள்களைத் திரும்பத் திரும்பத் தொகுத்துச் சோதித்து வைத்திருப்பதனாலேயே நான் இன்று இந்தக் காரியத்தில் இறங்க முடிகிறது.

சனி, மாலை

டெபியன் 12-இன் சிறிய நிறுவல் கோப்பை வேறொரு கணினியில் இறக்கி, அதன் சரிபார்ப்புத் தொகை பொருந்துகிறதா என்று பார்த்தபின் பென் டிரைவில் எழுதினேன். இந்த ஒப்பிடலைப் பலர் வீண்வேலை என்று தவிர்க்கிறார்கள். ஒரு பைட் பிறழ்ந்தாலும் பாதி வழியில் நிறுவல் நின்றுபோகக்கூடுமாதலால், இதில் செலவிடும் சில நிமிஷங்கள் அவசியமானவை என்பதே என் அபிப்பிராயம்.

எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் சென்று, பூட் பட்டியலை அனுமதித்துவிட்டு, எஃப்12 வழியாகப் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தேன். வரைகலை நிறுவியில் தமிழைத் தேர்ந்ததும் கேள்விகளெல்லாம் தமிழிலேயே வரத் தொடங்கின. யாரோ சிலர் பொறுமையாக உட்கார்ந்து மொழிபெயர்த்த வாக்கியங்கள் அவை. அவர்களை நன்றியோடு நினைத்துக்கொண்டேன். ஈதர்நெட் கம்பியைச் சொருகியதும் நிறுவி வலைவழியே நேரத்தைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டது. உள்ளே இருக்கும் சிறு மின்கலம் சக்தியிழந்து தேதி பல ஆண்டுகள் பின்தங்கியிருந்த யந்திரத்துக்கு இது முக்கியம். தேதி தவறாயிருந்தால் மென்பொருள் களஞ்சியத்தின் கையொப்பம் செல்லாது என்று தள்ளப்பட்டுவிடும்.

மேஜைச்சூழல்களைக் காட்டும் பட்டியல் வந்தபோது, அதிலிருந்த குறிகள் அனைத்தையும் நீக்கி, அடிப்படைக் கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டேன். இந்த ஓர் இடத்தில் காட்டும் நிதானமே மற்றெல்லாவற்றையும் நிர்ணயிக்கிறது. பல சிறு கணினிகள் மந்தமானவை என்று பெயரெடுத்ததற்குக் காரணம் செயலியின் பலவீனம் மட்டுமில்லை. பெரிய யந்திரங்களுக்கென்று ஆக்கிய அலங்காரங்களை அவற்றின்மேலும் அப்படியே ஏற்றியதும்தான். 1 கிகாபைட் நினைவகம் ஒரு பட்டியலைத் தயாரிக்கவும், கடிதம் எழுதவும், பிடிஎஃப் நூல் படிக்கவும் தாராளமாகப் போதும்; நிழலும் அசைவும் கொண்ட ஜன்னல்களுக்கு அது போதாது.

ஞாயிறு

ஐஸ்டபிள்யூஎம் என்னும் எளிய ஜன்னல் மேலாளரையும், கோப்புகளுக்குப் பிசிமேன்எஃப்எம்-ஐயும், கணக்கேட்டுக்கு நியூமெரிக்கையும் நிறுவினேன். லிப்ரே ஆபிஸ் சிறந்த மென்பொருள்தான். இந்த யந்திரத்தில் அது திறக்கும் வரை காத்திருக்கப் பொறுமை வேண்டும். நினைவகத்தின் ஒரு பகுதியில் தரவைச் சுருக்கி வைக்கும் இஸட்ராம் வசதியையும் அமைத்தேன். யாதொரு மென்பொருளையும் திறக்காத நிலையில் நினைவகத்தில் கால்பங்குக்கும் குறைவாகவே செலவாகிறது.

திரையின் உயரம் 600 புள்ளிகளே ஆதலால், சில பெட்டிகளின் அடியிலுள்ள பொத்தான்கள் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுகின்றன. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு சுட்டியால் ஜன்னலை மேலே இழுத்தால் அவை தென்படும். இதை ஒரு காகிதத்தில் எழுதி மூடியின்மேல் ஒட்டியிருக்கிறேன். ஃபயர்பாக்ஸ் இயங்குகிறது; ஆனால் படமும் விளம்பரமும் நிறைந்த பக்கங்களில் யந்திரம் திணறுகிறது. வலைக்குள் உலவுவதே பிரதான நோக்கமாக உள்ளவர்களுக்கு இதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

வியாழன்

ஐபஸ் என்னும் உள்ளீட்டு மென்பொருள் வழியாகத் தமிழ்99 விசைப்பலகை அமைந்துவிட்டது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு தரப்படுத்திய இம்முறையில், உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்து, ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே வந்துவிடுவதால், தங்கை மகள் அதிவிரைவில் பழகிக்கொண்டாள்.

இன்று அவளும் நானுமாக முதல் அலமாரியின் நூல்களைப் பதிந்தோம். அகரவரிசையில் அடுக்கச் சொல்லும் வேளையில் எனக்கு உள்ளூரச் சந்தேகம் இருந்தது. யுனிகோடு அட்டவணையில் ன-கரம் ந-கரத்தை அடுத்தும், ற-கரம் ர-கரத்தை அடுத்தும் இடம்பெற்றிருப்பதால், அந்த எண்களை மட்டும் நம்பி அடுக்கினால் 'கனவு' எனத் தொடங்கும் நூல்கள் 'கம்பன்' எனத் தொடங்குபவற்றுக்கு முன்னே வந்து நிற்கும். பெயரைத் தேடி வரும் வாசகர் ஏமாந்து போவார். இயங்குதளத்தின் மொழிச்சூழல் தமிழாக இருந்தபடியால் அவ்வாறு நேரவில்லை. கம்பன், கலை, கவிதை, கழகம், கனவு என்று நம் நெடுங்கணக்கின் முறைப்படியே வரிசை வந்து நின்றதைக் காரியதரிசியை அழைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்துவிட்டு, "அடுத்த அலமாரியில் புராணங்களும் சரித்திரமும் கலந்து கிடக்கின்றன ஐயா, அவற்றைத் தனித்தனியாகப் பதிய ஒரு கட்டம் வேண்டுமே" என்றார். பொருள்வகைக்கென்று ஒரு பத்தியைச் சேர்த்திருக்கிறேன். மின்கலம் அதிக நேரம் தாங்காததால், யந்திரத்தை ஜன்னலோரத்து மின்செருகிக்கு அருகிலுள்ள மேஜையில் நிரந்தரமாக வைப்பதென்று தீர்மானமாகியிருக்கிறது.