அத்தையின் கணினியில் மட்டும் தெரிந்தது

"அகப்பக்கத்தை மாற்ற வேண்டும்" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "யார் சொன்னது?" என்பதுதான். முதலாளி சொன்னாரா, வாடிக்கையாளர் சொன்னாரா?

பெரும்பாலும் முதலாளிதான் சொல்லியிருப்பார். தம் கடையின் பக்கத்தை அவர் தினமும் பார்க்கிறார், அலுத்துவிடுகிறது. வாடிக்கையாளர் வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பார். விலையும் தொலைபேசி எண்ணும் கிடைத்தால் போய்விடுவார். போன வருடம் டியூஷன் நிலையம் நடத்தும் ஒருவர் வந்தார். போட்டி நிலையத்தின் முகப்பில் படங்கள் தாமாக நகர்கின்றனவாம், தமக்கும் அப்படி வேண்டுமாம். அவருடைய பக்கத்தை என் கைப்பேசியில் திறந்தேன். சட்டென்று வந்தது. எஸ்பிஎம் வகுப்புகள், கட்டணம், இடத்துக்கு வரும் வழி எல்லாம் இருந்தன. கால அட்டவணை மட்டும் பழசு. "அண்ணே, இந்த அட்டவணையை மாத்துங்க, போதும்" என்று அனுப்பிவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். எனக்கும் வருமானம் போயிற்று, ஆனால் நகரும் படத்துக்காக யாரும் பிள்ளையைச் சேர்க்கப் போவதில்லை.

என் அத்தையின் கதை வேறு.

அத்தை கிள்ளானில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறார். மாமா தொடங்கிய தொழில். 2006-இல், பல பெரிய கடைகளுக்கே அகப்பக்கம் இல்லாத காலத்தில், மாமா ஆள் பிடித்து ஒன்று செய்து வைத்தார். அதில் அவருக்கு அவ்வளவு பெருமை. திருமண அழைப்பிதழ் கொடுக்க வருகிறவர்களிடமும் முகவரி அட்டையை நீட்டுவார். 2016-இல் அவர் காலமான பிறகு அந்தப் பக்கத்தை யாரும் தொடவில்லை. அத்தை மகன் புதிதாகச் செய்யலாம் என்று சொல்லும்போதெல்லாம், "மாமா எழுதினது முன்னாடி இருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்பார் அத்தை. நானும் வற்புறுத்தவில்லை.

பிறகு ஷா ஆலாமிலிருந்து ஒரு குடும்பம். எண்ணூறு பேர் கல்யாணம். தோழி ஒருவர் அத்தையின் பெயரைச் சொல்லியிருந்தார். இரண்டு வாரமாகியும் அவர்களிடமிருந்து பேச்சில்லை என்று அத்தையே கூப்பிட்டார். "உங்க பக்கத்தைப் பார்த்தோம் ஆன்ட்டி. கடையை மூடிட்டீங்கன்னு நினைச்சு வேற இடத்துல சொல்லிட்டோம்" என்றார் பெண்ணின் அம்மா. அத்தையின் அடுப்படியில் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். அன்றிரவு அத்தை என்னைக் கூப்பிட்டார்.

நான் உடனே கணினியைத் திறக்கவில்லை. சனிக்கிழமை காலை அத்தையின் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். வருகிற ஒவ்வொரு கேள்வியையும் எழுதினேன். சைவம் தனியாகச் செய்வீர்களா, ஆளுக்கு எவ்வளவு, குறைந்தது எத்தனை பேர், ரவாங் வரைக்கும் வருவீர்களா, படம் இருக்கிறதா. மதியத்துக்குள் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தன. எல்லாம் அகப்பக்கம் சொல்லியிருக்க வேண்டிய பதில்கள். இன்னொன்றையும் கவனித்தேன். படம் கேட்டவர்களுக்கு, கணக்குப் பார்க்கும் பெண் தன் கைப்பேசியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருந்தாள். "அகப்பக்க முகவரியைக் கொடுக்கலாமே?" என்றேன். சிரித்தாள். கடை ஆட்களே முகவரியைக் கொடுக்கக் கூச்சப்பட்டால், அதைவிடத் தெளிவான அறிகுறி எனக்குத் தெரிந்து இல்லை.

பிறகுதான் கைப்பேசியில் திறந்தேன். முதலில் முகவரிக்குப் பக்கத்தில் 'பாதுகாப்பற்றது' என்ற எச்சரிக்கை. மறையாக்கம் இல்லாத பக்கங்களுக்கு குரோம் உலாவி 2018 ஜூலையிலிருந்தே அப்படிப் போடுகிறது. பணம் கட்டப் போகிறவருக்கு அது வயிற்றைக் கலக்கும். அடுத்து எழுத்து. கணினித் திரையின் அகலத்துக்குச் செய்த பக்கம், கைப்பேசியில் எறும்பு வரிசையாகத் தெரிந்தது. கைப்பேசியில் தேடுகிறவர்களுக்கு, கைப்பேசியில் படிக்க வசதியான பக்கங்களை கூகுள் முன்னால் காட்டத் தொடங்கியது 2015 ஏப்ரலில். விலைப் பட்டியலின் கீழே 'ஜிஎஸ்டி 6% தனி' என்று இருந்தது! அந்த வரியும் அதே 2015 ஏப்ரலில் வந்து, 2018 ஜூனில் பூஜ்யமாகி, செப்டம்பரில் எஸ்எஸ்டிக்கு வழிவிட்டது. கடை மூடிவிட்டது என்று ஷா ஆலாம் அம்மா நினைத்ததில் தப்பே இல்லை.

படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெற்றுப் பெட்டி. மாமா காலத்தில் அது ஃபிளாஷில் செய்த ஆல்பம், பக்கம் புரட்டினால் சரக்கென்று சத்தம்கூட வரும். ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் நிறுத்திவிட்டது. பெட்டி ஏன் காலியாக இருக்கிறது என்று அத்தையிடம் கேட்டேன். "லைன் ஸ்லோம்மா" என்றார். பல வருடங்களாக லைன் ஸ்லோ!

ஆனால் என்னை உட்கார வைத்தது முகப்புதான். மாமாவின் படத்துக்குக் கீழே அவர் எழுதிய எட்டு வரிகள். என் கைப்பேசியில் அவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாக இருந்தன. அத்தையிடம் காட்டினேன். "என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே இருக்கு" என்று அறைக்குள் கூட்டிப்போனார். உண்மைதான். மாமாவின் பழைய கணினியில் அழகான தமிழ்.

யூனிகோடு பரவுவதற்கு முன்னால் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவுக்கும் ஒரு குறியீட்டு முறை இருந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு டாம், டாப் என்று தரம் வகுத்தது. அதன் பிறகும் பலர் பழகியதையே தட்டினார்கள், மாமாவும் அப்படித்தான். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் மட்டுமே அது தமிழ். இல்லாத இடத்தில் குப்பை, கூகுளுக்கும் குப்பை. இன்று ஆப்பிள் கணினியிலேயே நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி எழுத்துரு வருகிறது, ஆனால் யூனிகோடில் எழுதினால்தான் அதற்கும் புரியும். அத்தை காப்பாற்றி வைத்திருந்த கடிதத்தை அத்தையைத் தவிர அநேகமாக யாரும் வாசிக்கவில்லை.

அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப மாத்திடு" என்றார்.

இதில் ஒவ்வொன்றாகப் பார்த்தால் பழுதுபார்க்கலாம். எச்சரிக்கையை நீக்க அரை நாள் போதும், விலையைத் திருத்த ஒரு மணி நேரம். ஆனால் இங்கே எழுத்து, படம், அகலம் எல்லாமே அடித்தளத்தில் கோளாறு. கடவுச்சொல்லும் யாரிடமும் இல்லை. ஒட்டுப்போடும் செலவு புதுத் துணியின் விலையைத் தொட்டால் புதிது வாங்குவதுதான் சரி.

வேலையில் பாதி நேரம் போனது முகவரிப் பெயரை மீட்பதில். அது கடையின் பெயரில் இல்லை, செய்து கொடுத்தவரின் பெயரில் பதிவாகியிருந்தது. அவர் இப்போது வேறு தொழிலில் இருக்கிறார். நல்ல மனிதர், கேட்டதும் மாற்றிக் கொடுத்தார். எல்லாருக்கும் அப்படி அமையாது, அதனால் உங்கள் கடையின் பெயர் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். இன்னொன்று, பழைய பக்க முகவரிகளிலிருந்து புதியவற்றுக்கு வழி திருப்பிவிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் கூகுளிலும் பழைய இணைப்புகளிலும் வருகிறவர்கள் வெறும் சுவரில் முட்டுவார்கள்.

புதிய பக்கத்தில் நகர்வது எதுவும் இல்லை. அந்த நோட்டுப் புத்தகத்தின் கேள்விகள், அவற்றின் பதில்கள், நாற்பது படங்கள், தொட்டால் அழைக்கும் எண். அவ்வளவுதான். தொலைபேசி இப்போதும் அடிக்கிறது, ஆனால் கேட்பது வேறு. "ஜூன் 14 காலியா இருக்கா ஆன்ட்டி?"

முகப்பில் மாமாதான். எட்டு வரிகளையும் அந்தப் பழைய கணினியைப் பார்த்து யூனிகோடில் நானே தட்டினேன். தட்டும்போது பார்த்தேன், மூன்றாவது வரியில் 'சமயல்' என்று எழுதியிருந்தார். திருத்தட்டுமா என்று கேட்டேன்.

"அவர் அப்படித்தான் எழுதுவார். கை வைக்காதே" என்றார் அத்தை.

அது 'சமயல்' என்றே இருக்கிறது. தேடுகிறவர்களுக்காகப் பக்கத்தின் தலைப்பில் மட்டும் 'சமையல்' என்று சரியாகப் போட்டிருக்கிறேன்.