ஓரமா ஓடுறவன் ஊரு!

"அவனுக்கு வலது கால் எதுக்குன்னு நினைக்கிறீங்க? பஸ் ஏறும்போது ஊன்றதுக்கு!"

சொன்னவர் கூலாக சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பிவிட்டு அடுத்த விதையை வாயில் போட்டுக்கொண்டார். கடையே சிரித்தது. எங்களுக்கு மட்டும் ரெண்டு செகண்ட் லேட்டாகத்தான் புரிந்தது. ஸ்பானிஷ் அப்படி!

இடம்: ஸ்பெயின், மத்தாரோ நகரம், ரோக்கஃபோண்டா ஏரியா. நாள்: 2024 அக்டோபர் 26, சனிக்கிழமை. ராத்திரி 9 மணிக்கு மாட்ரிட்டில் ரியல் மாட்ரிட் - பார்சிலோனா மேட்ச். கடையில் ஓடிய பட்டிமன்றம் முழுக்க இந்தத் தெருக்களில் வளர்ந்த 17 வயசுப் பையன் ஒருத்தனைப் பற்றி. பெயர், லாமின் யமால். பார்சிலோனாவின் ரைட் விங்கர்.

அங்கே நாங்கள் போய்ச் சேர்ந்ததே தனிக்கதை. நான் அப்போது பார்சிலோனாவில் மாஸ்டர்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். ரூம்மேட் மலப்புரத்துக்காரன். மலப்புரம்னா சொல்லவே வேண்டாம். 2022 வேர்ல்ட் கப்புக்கு ஆற்றுக்கு நடுவில் மெஸ்ஸிக்கு கட்-அவுட் வைத்தார்களே, அது இவன் பக்கத்து மாவட்டம். மாட்ரிட் போய் மேட்ச் பார்க்க ரெண்டு பேர் பர்ஸிலும் காசில்லை. "எடா, ஸ்டேடியம் போக முடியலைன்னா என்ன? அவன் தெருவுக்கே போய் பார்ப்போம்" என்றான். கிளம்பிவிட்டோம்.

கடலோரம் ஒரு ரயில்

பார்சிலோனாவிலிருந்து மத்தாரோ சுமார் 30 கிலோமீட்டர். லோக்கல் ரயிலில் ஏறி வலது பக்க ஜன்னல் சீட்டைப் பிடித்துவிட்டால் ஜாக்பாட். ஊரைத் தாண்டியதும் மத்திய தரைக்கடல் கூடவே வரும். தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவில் கொஞ்சம் மணல், அவ்வளவுதான். 1848-ல் ஸ்பெயின் மண்ணில் முதல் ரயில் ஓடியதே இந்த ரூட்டில்தான். நம்ம பறக்கும் ரயிலில் போகிறவனுக்கு இதெல்லாம் ரொம்ப ஓவர்!

மத்தாரோவும் லேசுப்பட்ட ஊரில்லை. ரோமானியர் காலத்தில் பெயர் இலுரோ. பிற்பாடு துணி மில், பனியன் ஃபேக்டரி என்று வளர்ந்தது. கிட்டத்தட்ட நம்ம திருப்பூர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பார்சிலோனாவில் பிரம்மாண்ட சர்ச் கட்டிய கௌடி இருக்கிறாரே, அவர் சின்ன வயதில் இங்கே ஒரு தொழிலாளர் கூட்டுறவு சங்கத்துக்காகக் கட்டிய மரவளைவுக் கூடம் இன்றும் நிற்கிறது.

ஸ்டேஷனிலிருந்து மேடு ஏறி நடந்தால் டூரிஸ்ட் கூட்டம் மெல்லக் குறைந்து, ரோக்கஃபோண்டா வருகிறது. போஸ்ட் கார்டில் போடுகிற ஸ்பெயின் இல்லை இது. வரிசையாகப் பழைய அடுக்குமாடிகள். பால்கனிக்கு பால்கனி காயும் துணி. மில் வேலைக்காக ஸ்பெயினின் தெற்கிலிருந்து வந்தவர்கள் முதலில் குடியேறிய இடம். பிறகு மொராக்கோவிலிருந்தும், ஆப்பிரிக்காவின் மற்ற நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். யமாலின் அப்பா மொராக்கோ, அம்மா எக்குவடோரியல் கினி. அதாவது ரோக்கஃபோண்டாவின் சரியான சாம்பிள் அவன்.

இந்த ஏரியாவின் பின்கோடு 08304. யமால் கோல் போட்டதும் ரெண்டு கைவிரல்களையும் மடக்கி '304' என்று காட்டுவது இதைத்தான். ஊர்ப்பேரைச் சொன்னாலே முகம் சுளிக்கிற ஆட்கள் இருக்கிற நாட்டில், பையன் அதை டி.வி.யில் காட்டிக் காட்டி ஃபேமஸ் ஆக்கிவிட்டான். சிமென்ட் தரையில் பந்து விளையாடிக்கொண்டிருந்த பொடிசுகளிடம் கேமராவைக் காட்டினோம். ஒருத்தன் விடாமல் எல்லாரும் 304!

பட்டிமன்றம் ஆரம்பம்

ஏழரைக்கே கடையில் போய் இடம் பிடித்துவிட்டோம். உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடை ஒரு பிளேட், ஆளுக்கொரு காபி. நம்மூர் கடலை மாதிரி இங்கே மேட்ச் பார்க்க சூரியகாந்தி விதை. தரையெல்லாம் தோல்.

பையன் திறமைசாலி என்பதில் கடையில் யாருக்கும் சந்தேகமே இல்லை. எப்படி இருக்கும்? 2023 ஏப்ரலில் பார்சிலோனா சீனியர் டீமில் இறங்கியபோது அவன் வயசு 15. 2024 ஜூலை 9-ம் தேதி யூரோ செமி ஃபைனலில் ஃபிரான்ஸுக்கு எதிராக பாக்ஸுக்கு வெளியே இருந்து வளைத்துப் போட்டானே ஒரு கோல், அது போஸ்ட்டில் பட்டு உள்ளே போனதை எத்தனை தடவை பார்த்திருப்போம்! யூரோ வரலாற்றிலேயே சின்ன வயசில் கோல் போட்டவன். 17-வது பிறந்தநாளுக்கு மறுநாள் கப்பும் கையில்.

சண்டை என்னவென்றால், இவன் எங்கே ஆடணும்?

மொராக்கோ பையன் ஒருத்தன் ஆரம்பித்தான். "ரைட் விங்கை விட்டு ஒரு அடி நகர்த்தக் கூடாது. கோட்டை ஒட்டி நிக்கட்டும். அவனைப் பார்க்க ரெண்டு பேர் வருவாங்க. நடுவுல நம்ம ஆளுங்களுக்கு இடம் கிடைக்கும்."

என் ரூம்மேட் சும்மா இருப்பானா? "மெஸ்ஸியும் ரைட் விங்லதானே ஆரம்பிச்சார்? 2009 மே மாசம் இதே ரியல் மாட்ரிட்டுக்கு எதிரா கார்டியோலா அவரை நடுவுல போட்டார். 6-2! இவனையும் நடுவுக்குக் கொண்டு வா, பந்து எப்பவும் காலில் இருக்கும்" என்றான், மலையாளமும் ஸ்பானிஷும் கலந்து.

மெஸ்ஸி பேரை எடுத்ததும் கடைக்காரம்மா செல்போனை நீட்டினார். அந்த போட்டோதான். 2007-ல் ஒரு சேரிட்டி காலண்டருக்காக, 20 வயசு மெஸ்ஸி ஒரு கைக்குழந்தையைப் பிளாஸ்டிக் தொட்டியில் வைத்துக் குளிப்பாட்டுகிறார். குழந்தை, யமால்! மத்தாரோவில் குலுக்கல் போட்டுத் தேர்ந்தெடுத்த குடும்பம் இவனுடையது. "பார்த்தியா, அப்பவே எழுதி வெச்சாச்சு" என்றார். வாதத்தில் இதற்கு மேல் என்ன பேசுவது!

அப்போதுதான் சூரியகாந்தி விதை ஆசாமி அந்த பஸ் ஜோக்கை அடித்தார். "எல்லாம் இடது கால்தான். உள்பக்கமா வெட்டி இடது காலுக்குக் கொண்டு வருவான்னு எல்லா டிஃபென்டருக்கும் தெரியும். வலது கால் வேலை செய்யாதவரைக்கும் விங்கும் ஒண்ணுதான், நடுவும் ஒண்ணுதான்."

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. இடது கால்காரன் வலது பக்கம் ஆடினால், உள்ளே திரும்பியதும் கோல் போஸ்ட் நேராகத் தெரியும். ஆனால் எதிராளிக்கும் அது தெரியும். யமால் அதற்கு வைத்திருக்கும் மருந்து, இடது காலின் வெளிப்பக்கத்தால் பந்தை வளைத்து அனுப்புவது. அதே கால், வேற ரூட்!

விங்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஆடியவர்களுக்குத் தெரியும். கோட்டை ஒட்டி நின்றால் ஒரு பக்கம் கோடுதான் சுவர். அடி வந்தால் இன்னொரு பக்கத்திலிருந்து மட்டும்தான் வரும். நடுவில் அப்படியில்லை. முன்னாடி, பின்னாடி, சைடு... எந்தப் பக்கமிருந்து எவன் கால் வருமென்றே தெரியாது.

மூலையில் ஒரு தாத்தா. மில்லில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவராம். அதுவரை வாயே திறக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"எல்லாரும் அவன் எங்கே நிக்கணும்னு சண்டை போடறீங்க. எப்போ உக்காரணும்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

கடை கொஞ்சம் அமைதியானது. அவர் விரல் விட்டு எண்ணினார். "போயான்... 17 வயசுல இதே கிளப்ல வந்தான். அடுத்த மெஸ்ஸின்னோம். அன்சு ஃபாத்தி... 16 வயசுல வந்தான். அவனையும் அதேதான் சொன்னோம். இந்தப் பையன் போன சீசன்ல கிளப்புக்கு மட்டும் 50 மேட்ச் ஆடியிருக்கான். அவன் எலும்பு இன்னும் வளர்ந்துட்டு இருக்குப்பா."

எனக்கு அதற்கப்புறம் அடை இறங்கவில்லை.

ஒரு ஜூனியர் கதை

காலேஜ் டீமில் ஃபைனல் இயரில் நான்தான் கேப்டன். அந்த வருஷம் ஃபர்ஸ்ட் இயரில் ஒரு பையன் வந்தான். லெஃப்ட் விங். பந்து காலில் ஒட்டிக்கொண்டே ஓடும். முதல் பிராக்டீஸிலேயே என்னை ரெண்டு தடவை தாண்டிவிட்டான். கேன்டீனில் தினமும் இதே பட்டிமன்றம்தான். விங்கா, ஸ்டிரைக்கரா? டீக்காசு நான் கொடுத்துவிட்டு ஸ்டிரைக்கர் கட்சிக்குப் பேசுவேன்.

இன்டர் காலேஜ் டோர்னமென்ட். நாலு நாளில் மூணாவது மேட்ச், செமி ஃபைனல். எங்கள் ஸ்டிரைக்கருக்குக் காய்ச்சல். இவனைப் பிடித்து நடுவில் போட்டேன். "அண்ணா, முட்டி கொஞ்சம் வலிக்குது" என்றான். "ஃபைனல் முடியட்டும்டா, பார்த்துக்கலாம்" என்றேன்.

ஃபைனலை அவன் பார்க்கவே இல்லை. அதே மேட்ச்சில் பின்னாலிருந்து வந்த ஒரு காலை அவன் கவனிக்கவில்லை. முட்டியில் ஜவ்வு கிழிந்துவிட்டது. காலேஜ் முடிகிறவரை கிரவுண்டுக்கு வந்து ஓரமாக உட்கார்ந்து கை தட்டிவிட்டுப் போவான். ஒரு நாள்கூட என்னைக் குறை சொன்னதில்லை. அதுதான் இன்னும் கஷ்டம்.

77-வது நிமிடம்

மேட்ச்சுக்கு வருவோம். முதல் பாதி 0-0. ரெண்டாவது பாதியில் லெவண்டோவ்ஸ்கி 54, 56-வது நிமிடங்களில் ரெண்டு கோல். கடையில் நாற்காலிகள் பறந்தன. 77-வது நிமிடம் ரஃபீனியா பந்தைக் கொடுக்க, வலது பக்கமாக உள்ளே வந்தான் நம்ம 304. இடது காலுக்கு மாற்றுவான் என்று எல்லாரும் நினைத்த அந்த செகண்டில், மாற்றவில்லை. வலது காலாலேயே ஓங்கி ஒரு அடி! பந்து கோலின் மேல் வலைக்குள்!

வலது கால்! பஸ் ஏறுகிற கால்!

சூரியகாந்தி ஆசாமி மேல் எத்தனை விதைகள் விழுந்தன என்று கணக்கே இல்லை. மனுஷன் எழுந்து நின்று, எல்லாருக்கும் ஒரு ரவுண்ட் என் செலவு என்று அறிவித்துவிட்டார். கடைசியில் ஸ்கோர் 4-0. 17 வயது 105 நாள். இந்த ரெண்டு டீம் மோதலில் கோல் போட்ட மிகச் சின்னப் பையன் என்ற ரெக்கார்டும் அவனுக்கு.

கூச்சலுக்கு நடுவில் நான் தாத்தாவைப் பார்த்தேன். அவரும் கை தட்டிக்கொண்டுதான் இருந்தார், கண்ணெல்லாம் கலங்கி. கடைசி ரயிலுக்காகக் கிளம்பும்போது தோளைத் தொட்டுக் கேட்டார். "இதுக்கு முன்னாடி அந்த ரெக்கார்ட் யார்கிட்ட இருந்துச்சு தெரியுமா?"

அன்சு ஃபாத்தி. 2020 அக்டோபர் 24. சரியாகப் பதினாலு நாள் கழித்து, அடுத்த மாதம் 7-ம் தேதி ஒரு மேட்ச்சில் அவனுக்கு முட்டியில் அடிபட்டது. ஆபரேஷனுக்கு மேல் ஆபரேஷன். 2021-ல் மெஸ்ஸியின் 10-ம் நம்பர் சட்டையைக் கொடுத்தார்கள். பழைய வேகம் மட்டும் திரும்பவே இல்லை.

ரயிலில் இருட்டுக் கடல். ரூம்மேட் கோலை ரிப்பீட்டில் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஜூனியருக்கு அந்த வீடியோவை அனுப்பினேன். ஊரில் அப்போது விடிகாலை. முழித்துத்தான் இருந்திருக்கிறான். உடனே பதில் வந்தது. "செமண்ணா! ரைட் ஃபுட்! அவனுக்கு அடுத்த மேட்ச் எப்போ?"

அடுத்த மேட்ச் எப்போ. முட்டி போனவனுக்குத்தான் அந்தக் கேள்வி முதலில் தோன்றும் போல.

அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். 18 வயது ஆவதற்குள், 2025 ஏப்ரல் 30-ல், பார்சிலோனாவுக்காக 100-வது மேட்ச் ஆடினான் யமால். அந்த ஜூலையில், அன்சு ஃபாத்தியிடமிருந்த அதே 10-ம் நம்பர் சட்டை இவன் முதுகுக்கு வந்தது. செப்டம்பரில் பாலன் டி'ஓர் விருதில் ரெண்டாவது இடம். அதே செப்டம்பரில் தொடை இடுக்கு வலி. நாட்டுக்காக வலியோடு ஆடவைத்தீர்களா என்று கிளப் கோச்சும் ஸ்பெயின் தரப்பும் மோதிக்கொண்டார்கள். தாத்தாவின் கேள்வி ரோக்கஃபோண்டா மூலைக் கடையிலிருந்து பேப்பரின் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது.

விங்கா, நடுவா என்று இப்போது என்னைக் கேட்டால், அந்த மொராக்கோ பையன் கட்சிதான். கோட்டை ஒட்டியே நிற்கட்டும். ஒரு பக்கமாவது பாதுகாப்பு. அவனாக உள்ளே வர ஆசைப்படும்போது வரட்டும்.

ஹலோ கேப்டன்ஸ்... உங்கள் டீமுக்கும் இந்த வருஷம் ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையன் வருவான். பந்து காலில் ஒட்டிக்கொண்டே ஓடும். கேன்டீனில் பட்டிமன்றம் நடக்கும். நடத்துங்கள், அது இல்லாமல் என்ன ஃபுட்பால்! ஆனால், "அண்ணா, முட்டி கொஞ்சம் வலிக்குது" என்று அவன் சொன்னால், அந்த ஒரு மேட்ச் தோற்றாலும் பரவாயில்லை. உட்கார வையுங்கள், ப்ளீஸ்.